மூக்கு முதலில் தொட்டால்

பயிற்சி விமானம் ஒன்று ஓடுபாதையில் துள்ளித் துள்ளிப் போய், மூக்குச் சக்கரம் ஒடிந்து நின்றுவிட்டது என்று செய்தி வந்தால், கூடவே ‘சக்கரக் கோளாறு’ என்ற சொல்லும் வந்துவிடும். அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பெரும்பாலும் சக்கரம் கடைசியில்தான் தோற்கிறது.

அமெரிக்கச் சிறு விமான விதிகள் நெடுங்காலமாக ஒரு வலிமையைக் கேட்டுவந்தன: நொடிக்கு 7 முதல் 10 அடி வேகத்தில் இறங்கி மோதினாலும் விமானத்தின் கால்கள் தாங்க வேண்டும். 10 அடி என்பது ஒன்றரை அடி உயரத்திலிருந்து பொத்தென்று விழும் வேகம். மாணவரின் கரடுமுரடான இறக்கத்துக்கு அது போதும். தொடர்ந்து வரும் துள்ளல்களுக்குத்தான் போதாது.

ஏன் துள்ளுகிறது? எஃகு ஸ்பிரிங் கால்கள்தான் காரணம் என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. எந்தச் சக்கரம் முதலில் தரையைத் தொட்டது என்பதில் இருக்கிறது மீதி.

மாட்டுவண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அச்சுக்கு முன்னால் மூட்டை கூடினால் முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் பின்பாரம். நுகத்தடி மேலே தூக்கும். பயிற்சிப் பள்ளிகளில் சாதாரணமாகக் காணப்படும் செஸ்னா 172 முன்பார வண்டி. அதன் எடை மையம் பிரதான சக்கரங்களுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அந்தச் சக்கரங்கள் முதலில் மோதினால் மூக்கு தாழும். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் குறையும். தூக்குவிசையும் குறைந்து விமானம் தரையில் தங்கும்.

மூக்குச் சக்கரம் முதலில் மோதினாலோ, அதுவே அச்சாகிவிடுகிறது, பாரம் முழுக்கப் பின்னால். மூக்கு எகிறுகிறது, கோணம் கூடுகிறது, தூக்குவிசை பாய்ந்து ஏறுகிறது. மாட்டுவண்டியில் மாட்டின் கழுத்துக் கயிறு இறுகுவதோடு போகும். இங்கே வண்டியே மறுபடி பறந்துவிடுகிறது.

வால்சக்கரம் கொண்ட செஸ்னா 170-க்கு மூக்குச் சக்கரம் வைத்து 1956-ல் வந்ததுதான் 172. நிறுவனம் அதை ‘லேண்ட்-ஓ-மேட்டிக்’ என்று விளம்பரம் செய்தது. பின்பாரத்தை முன்பாரமாக்கியது நல்ல மாற்றம்தான். ஆனால் தானாகத் தரையிறங்கும் விமானமாக அது ஆகிவிடவில்லை.

மூக்கு முதலில் தொடுவதற்கு வழக்கமான காரணம் மிகைவேகம். 10 சதவீதம் வேகம் கூடினால் இயக்க ஆற்றல் 21 சதவீதம் கூடும். போதாததற்கு, இறக்கையின் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு உயரத்துக்கு விமானம் தாழ்ந்ததும், தூக்குவிசையோடு சேர்ந்து பிறக்கும் இழுவை ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. விமானம் இறங்க மறுத்து மிதக்கிறது. ஓடுபாதை கரைவதைப் பார்க்கும் மாணவர் பொறுமையிழந்து மூக்கை அழுத்துகிறார். அது மோதி எகிறுகிறது. பதறி மறுபடி அழுத்துகிறார். கை செய்வதை விமானம் உணர்வதற்குள் அது கீழே விழத் தொடங்கியிருக்கும். அவருடைய அழுத்தம் அந்த வீழ்ச்சியோடு சேர்ந்துகொள்ளும். அடுத்த மோதல் முந்தியதைவிடக் கடுமை. ‘போர்பாய்சிங்’ என்று விமானிகள் சொல்வது இதைத்தான்.

இதற்குப் பயிற்சியாளர்கள் சொல்லும் மருந்து, துள்ளலைத் துரத்தாமல் முழு விசை கொடுத்து மேலே ஏறி, மறுபடி சுற்றிவருவது. முதல் துள்ளலிலேயே அதைச் செய்யும் தைரியத்தைத்தான் மாணவருக்கு முதலில் ஊட்ட வேண்டும்.

தவறினால் பழுது சக்கரத்தோடு நிற்காது. மூக்குக்கால் பொருத்தப்பட்டிருப்பது இன்ஜினுக்கும் விமானி அறைக்கும் நடுவிலுள்ள தீத்தடுப்புத் தகட்டில். ஆகவே பலமான இறக்கத்துக்குப் பிறகு மெக்கானிக்குகள் அந்தத் தகட்டில் சுருக்கம் விழுந்திருக்கிறதா, ரிவெட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று தேடுகிறார்கள். புரொப்பெல்லர் தரையில் உரசியிருந்தால் இன்ஜினையே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.