உச்சியில் ஒரு துளை

பெனின் சிற்பங்கள் உள்ள அருங்காட்சியகங்களில் பித்தளைத் தலை ஒன்றைப் பார்த்தால், அதன் உச்சியைக் கவனியுங்கள். பெரும்பாலும் வட்டமாக ஒரு துளை இருக்கும். அது உடைசல் அல்ல. செதுக்கு வேலை நிறைந்த முழு யானைத் தந்தம் ஒன்றை நிறுத்துவதற்கான இடம்.

தென் நைஜீரியாவின் பெனின் நகரம் எடோ மக்களின் பழைய தலைநகர். அவர்களுடைய மன்னருக்கு 'ஒபா' என்று பெயர். பட்டத்துக்கு வரும் ஒபா, மறைந்த தந்தைக்கு அரண்மனையில் வழிபாட்டு மேடை அமைத்து, அதில் வார்ப்புத் தலைகளை வைப்பார். மணி ஒலித்து முன்னோரை அழைப்பார்கள், பலியும் உண்டு.

ஏன் தலை மட்டும்? அறிவும் அதிர்ஷ்டமும் தலையில்தான் குடியிருக்கின்றன என்பது எடோ நம்பிக்கை. ஒபாவோ நாட்டுக்கே தலை. எனவே சிற்பத்தில் முகச்சாயல் முக்கியமல்ல. மூப்பு தட்டாத முகம், கழுத்தை மூடும் பவளமணிச் சரங்கள்: பதவியின் உருவம் அது. குறுநிலத் தலைவர்களின் மேடைக்கு மரத்தலைதான். பித்தளை அரச உரிமை. 16-ஆம் நூற்றாண்டில் ஒபா எசிகியே தன் தாய் இதியாவுக்கு அரசத்தாய்ப் பட்டம் அளித்தார். அரசத்தாய்மாருக்கும் பித்தளைத் தலைகள் வார்க்கப்பட்டன.

வார்ப்பவர்கள் பெனின் நகரின் இகுன் தெருக் கம்மியர்கள். களிமண் கருவின் மேல் மெழுகு பூசி, அதில் ஒவ்வொரு மணியையும் உருவாக்குவார்கள். மேலே மீண்டும் களிமண் பூசிச் சுட்டால் மெழுகு உருகி வெளியேறும். அந்த இடைவெளியில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் அச்சை உடைப்பார்கள். ஓர் அச்சுக்கு ஒரே தலை.

உலோகம்? போர்த்துக்கீசியர் கொண்டுவந்த 'மனில்லா' என்ற வளையங்கள் முக்கிய மூலப்பொருள். அவற்றின் பித்தளை ஜெர்மனியின் ரைன் பகுதியைச் சேர்ந்தது என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது.

1897-இல் பிரிட்டிஷ் படை பெனினைச் சூறையாடியது. ஒபா ஒவொன்ராம்வென் காலபாருக்கு நாடு கடத்தப்பட்டார். மேடைகளில் இருந்தவை ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தன. பல ஜெர்மனிக்கே போய்ச் சேர்ந்தன. 2022-இல் ஜெர்மனி ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் உரிமையை நைஜீரியாவிடம் ஒப்படைத்தது.

இன்னும் பல தலைகள் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன. கலைப்பொருள் என்று ரசிப்பதில் தவறில்லை; ஆனால் அது ஒரு மகன் தன் தகப்பனுக்கு வைத்த படையல் என்பதை அந்தத் துளை நினைவூட்டட்டும்.