வேரின் பதற்றத்தைத் தின்னும் பாக்டீரியா

தண்ணீர் இல்லாமல் தவிக்கும் செடியின் வேரில் ஏசிசி என்றொரு பொருள் சேரத் தொடங்குகிறது. அமினோ சைக்ளோபுரோப்பேன் கார்பாக்சிலிக் அமிலம் என்பது முழுப்பெயர். ஒரு தடவை படித்துவிட்டு மறந்துவிடலாம். நான்கே கார்பன் அணுக்கள் கொண்ட இந்தச் சிறு அமினோ அமிலத்திலிருந்துதான் செடி எத்திலீன் வாயுவைத் தயாரிக்கிறது. வாழைத்தாரைப் பழுக்கவைக்கும் அதே எத்திலீன். வறட்சிக்கு மட்டும் என்றில்லை. உப்பு ஏறிய நிலம், வேரை மூழ்கடிக்கும் வெள்ளம், பூஞ்சை நோய், பூச்சிக்கடி என்று எந்தத் துன்பம் வந்தாலும் செடிக்குள் எத்திலீன் கூடுகிறது.

கூடுவது இரண்டு கட்டமாக. துன்பம் தொடங்கியதும் வருவது சின்ன எழுச்சி. அது நல்லது, தற்காப்பு மரபணுக்கள் விழித்துக்கொள்வது அதனால்தான். துன்பம் நீடித்தால், சில நாள் கழித்து இரண்டாவதாகப் பெரிய எழுச்சி ஒன்று வருகிறது. அப்போது வேர் நீள்வது நிற்கும், இலை மஞ்சளாகும், பூவும் பிஞ்சும் கொட்டும். காட்டுச் செடிக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. இலையை உதிர்த்தால் நீர்ச்செலவு குறையும், உயிர் தங்கும். பயிருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. பத்து நாள் கழித்து மழை பெய்தாலும் கொட்டிய பூ திரும்பி ஒட்டாது. வறட்சியால் வந்ததாகச் சொல்லப்படும் சேதத்தில் ஒரு பகுதி, வறட்சிக்குச் செடி காட்டிய பதற்றத்தால் வந்தது.

இந்த இடத்தில்தான் வேரைச் சுற்றியுள்ள பாக்டீரியாக்கள் நுழைகின்றன. இலையில் தயாரான சர்க்கரை முழுவதும் செடிக்குள்ளேயே தங்கிவிடுவதில்லை. பயிரையும் வயதையும் பொறுத்து, ஒளிச்சேர்க்கையில் கிடைத்த கார்பனில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூட வேர் வழியாக மண்ணுக்குக் கசியும். சர்க்கரை, கரிம அமிலங்கள், அமினோ அமிலங்களோடு ஏசிசியும் கொஞ்சம் கசிகிறது. வேரை ஒட்டி வாழும் சில பாக்டீரியாக்களிடம் ஏசிசி டி-அமினேஸ் என்ற நொதி இருக்கிறது. ஏசிசியை அது அம்மோனியாவாகவும் கீட்டோபியூட்டரேட்டாகவும் உடைக்கிறது. முதலாவதில் பாக்டீரியாவுக்கு நைட்ரஜன், இரண்டாவதில் கார்பன். வெளியே ஏசிசி குறையக் குறைய வேருக்குள் இருப்பது மேலும் கசிகிறது. உள்ளே கையிருப்பு குறைகிறது. எத்திலீனாக மாற மிச்சம் இருப்பதும் குறைகிறது. செடியைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் பாக்டீரியாவுக்கு இல்லை. அதற்குப் பசி, அவ்வளவுதான்.

அடுப்பில் பால் காய்வதைப் போன்றது இது. பால் காயத்தான் வேண்டும், காயாவிட்டால் திரிந்துவிடும். ஆனால் பொங்கி வழிந்தால் அடுப்பும் அணையும், பாலும் போகும். பக்கத்தில் ஒரு பையன் சின்னக் கரண்டியோடு நின்றுகொண்டு, பால் மேலேறும்போதெல்லாம் மொண்டு குடிக்கிறான். வீட்டாரின் நன்மைக்காக அல்ல, தன் வாய்க்காக. கரண்டி சின்னது என்பதால் பால் கொஞ்சமாக இருக்கும்போது அவனுக்கு எட்டாது; விளிம்புக்கு ஏறினால்தான் எட்டும். அதனால் பால் காய்வது தடைப்படுவதில்லை, வழிவது மட்டும் தடைப்படுகிறது. பையன் அதோடு நிற்பவனும் அல்ல. யாரும் பார்க்காதபோது அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளுவான், தனக்குப் பால் சீக்கிரம் மேலேறட்டும் என்று. தைப்பொங்கலன்று மட்டும் இந்தப் பையனை அடுப்பங்கரைக்குள் விடக்கூடாது.

சின்னக் கரண்டி என்பது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. ஏசிசியை எத்திலீனாக மாற்றும் செடியின் நொதி, அந்த மூலக்கூறை மிகக் குறைந்த செறிவிலும் பற்றிக்கொள்ளும். பாக்டீரியாவின் நொதிக்கு அந்தப் பிடிப்பு வெகுகுறைவு. ஏசிசி கொஞ்சமாக இருக்கும்போது போட்டியில் செடிதான் ஜெயிக்கும். முதல் எழுச்சி தடையின்றி நடக்கும். பாக்டீரியா இந்த நொதியைப் பெருமளவில் தயாரிப்பதும் ஏசிசி கிடைக்கத் தொடங்கிய பிறகுதான், அதற்கும் நேரம் பிடிக்கும். நொதி போதுமான அளவு சேரும் நேரமும் இரண்டாவது எழுச்சிக்கான நேரமும் ஏறக்குறைய ஒன்றாக அமைகின்றன. செடிக்குத் தேவையான எச்சரிக்கை தப்புகிறது, தேவையில்லாத அமளி அடங்குகிறது.

விறகும் உண்மைதான். வேரில் கசியும் டிரிப்டோபனைக் கொண்டு இந்தப் பாக்டீரியாக்களில் பல, ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தயாரிக்கின்றன. வேருக்குள் போன ஆக்சின், ஏசிசியை உண்டாக்கும் நொதியைத் தூண்டுகிறது. அதாவது பாக்டீரியா தன் உணவைத் தானே பெருக்கிக்கொள்கிறது. உண்ணும் வேலையை அது நிறுத்தினால் இந்த ஆக்சினே செடிக்குக் கெடுதலாகிவிடும்.

இதற்குச் சான்று வலுவானது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் கிளிக் குழுவினர், யுடபிள்யு4 என்ற பாக்டீரியாவில் இந்த நொதிக்கான மரபணுவை மட்டும் சிதைத்துப் பார்த்தார்கள். கனோலா நாற்றின் வேரை நீளவைக்கும் திறன் அதோடு போய்விட்டது. 2000இல் முடிவு வெளியானது. 2004இல் வந்த இன்னொரு சோதனை இன்னும் சுவையானது. இஸ்ரேலின் தெற்கே, மழையே அரிதான அராவா பகுதியிலிருந்து எடுத்த அக்ரோமோபாக்டர் பாக்டீரியாவைத் தக்காளி, மிளகாய் இன நாற்றுகளின் வேரில் சேர்த்து, தண்ணீரை நிறுத்தினார்கள். காய்ந்துகொண்டிருக்கும்போது நாற்றின் நீர்ச்சத்தில் பாக்டீரியாவால் எந்த மாற்றமும் இல்லை. மறுபடி தண்ணீர் விட்டதும்தான் வித்தியாசம் தெரிந்தது. பாக்டீரியா சேர்த்தவை நன்றாகத் தேறின. பாக்டீரியா ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொண்டுவரவில்லை. தண்ணீர் திரும்பும்வரை செடி தன்னைக் கெடுத்துக்கொள்ளாமல் தடுத்தது, அவ்வளவே. ‘பாக்டீரியா தெளித்தால் பாசனம் வேண்டாம்’ என்று விற்பவர்கள் படிக்கவேண்டிய சோதனை இது.

வெள்ளத்திலும் இதே கதைதான், ஒரு சிறு திருப்பத்தோடு. ஏசிசி எத்திலீனாக மாற ஆக்சிஜன் வேண்டும். நீரில் மூழ்கிய வேரில் அது இல்லை. தேங்கிய ஏசிசி தண்டின் வழியாக மேலேறி, காற்றுப்படும் இலையில் எத்திலீனாகிறது. வேர் தண்ணீருக்குள் நிற்கும்போதே தக்காளி இலை தொங்கிப்போவதற்குக் காரணம் இது. வேரிலேயே ஏசிசியைத் தின்னும் பாக்டீரியா இருந்தால் மேலே ஏறுவது குறைகிறது. நெல்லை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. ஆழநீர் நெல், எத்திலீனைப் பயன்படுத்தியே தண்டை நீட்டித் தலையை நீருக்கு மேல் வைத்துக்கொள்கிறது.

வரலாறு என்று கேட்டால் சுருக்கமாக இது. விளக்குவாயுவில் கலந்திருந்த எத்திலீன் பட்டாணி நாற்றைக் கோணவைக்கிறது என்று 1901இல் ரஷ்யாவின் நெல்யூபோவ் காட்டினார். செடி தானே எத்திலீனை உண்டாக்குகிறது என்பது 1934இல் உறுதியானது. அது ஏசிசியிலிருந்து வருகிறது என்று கலிபோர்னியாவில் ஆடம்ஸும் யாங்கும் 1979இல் கண்டார்கள். ஜப்பானின் ஹொன்மாவும் ஷிமோமுராவும் ஏசிசியை உடைக்கும் பாக்டீரிய நொதியை அதற்கு ஓராண்டு முன்பே, 1978இலேயே விவரித்துவிட்டார்கள். செடிக்கு ஏசிசியால் என்ன வேலை என்று தெரியுமுன்பே அதைத் தின்பவரைக் கண்டாயிற்று. இரண்டையும் இணைத்துக் கிளிக் குழுவினர் விளக்கம் எழுதியது 1998இல்.

வேரடி உயிர்கள் செய்யும் மற்ற உதவிகள் பாடப்புத்தகத்திலேயே உள்ளவை. வேர்ப்பூஞ்சை தன் மெல்லிழைகளால் வேர் எட்டாத இடத்திலிருந்து பாஸ்பரஸைக் கொண்டுவருகிறது. ரைசோபியம் நைட்ரஜனை நிலைப்படுத்துகிறது. சூடோமோனாஸ் வகைகள் நோய்ப்பூஞ்சையோடு இரும்புக்குப் போட்டியிடுகின்றன. எத்திலீன் வேர்முடிச்சு உருவாவதையும் தடுக்கும் என்பதால், ரைசோபியத்தில் சில வகைகளும் ஏசிசி டி-அமினேஸை வைத்திருக்கின்றன என்பது மட்டும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டியது.

சோதனைக்கூடத்தில் இவ்வளவு அழகாக நடப்பது வயலில் நடக்குமா என்பது வேறு கேள்வி. தொட்டிச் சோதனைகளில் மண்ணைப் பெரும்பாலும் கிருமிநீக்கம் செய்துவிடுவார்கள். புதிதாக வரும் பாக்டீரியாவுக்குப் போட்டியே இருக்காது. வயல் அப்படியில்லை. இந்தியாவின் உரக்கட்டுப்பாட்டு ஆணை, தூள்வடிவ பாக்டீரிய உயிர் உரத்தில் கிராமுக்கு 5 கோடி உயிருள்ள செல்களாவது இருக்கவேண்டும் என்கிறது. எக்டேருக்கு 2 கிலோவைத் தொழுவுரத்தோடு கலந்து தூவுவது வழக்கமான பரிந்துரை. மொத்தம் 10,000 கோடி செல்கள். கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஒரு எக்டேரின் மேல்மண் 15 செ.மீ. ஆழத்துக்கு ஏறக்குறைய 2,000 டன், அதாவது 200 கோடி கிராம். வகுத்தால் ஒரு கிராம் மண்ணுக்கு 50 செல்கள். அந்த ஒரு கிராமில் ஏற்கெனவே கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன.

விதையில் பூசினால் கணக்கு மாறும். எக்டேருக்கு 60 கிலோ விதைநெல், ஆயிரம் மணி 20 கிராம் என்று வைத்தால் 30 லட்சம் விதைகள். 600 கிராம் உயிர் உரத்தில் 3,000 கோடி செல்கள், விதைக்கு 10,000. பாதி செத்தாலும், முளைக்கும் வேரின் நுனியிலேயே மிச்சம் காத்திருக்கும். ஆறிய அரிசிக்கஞ்சியில் உயிர் உரத்தைக் கரைத்து விதையில் புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி விதைக்கும் பழைய முறை, புட்டியில் வரும் பல புது முறைகளைவிடப் புத்திசாலித்தனமானது.

பொட்டலத்தில் இன்னொரு சிக்கல். தரநிர்ணயம் செல்களை எண்ணுகிறது. ஏசிசி டி-அமினேஸ் உண்டா என்று பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் அதிகம் புழங்கும் அசோஸ்பைரில்லத்தின் பல இனவகைகளில் இந்த நொதியே கிடையாது. அவை செய்வது வேறு நல்ல வேலை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வறட்சிக்காகத் தெளிக்கச்சொல்லும் பிபிஎஃப்எம், இலையின் மேல் மெத்தனாலை உண்டு வாழும் இளஞ்சிவப்பு மெத்தைலோபாக்டீரியம். அந்தக் குடும்பத்தில் சிலவற்றிடம் இந்த நொதி இருப்பது காட்டப்பட்டிருக்கிறது. எல்லாவற்றையும் ‘நுண்ணுயிர் டானிக்’ என்று ஒரே பெயரில் விற்பது வியாபாரத்துக்கு வசதி.

நீரும் உரமும் தட்டாமல் கிடைக்கும் வயலில் இந்த வகைப் பாக்டீரியாவால் பெரிய வித்தியாசம் தெரியாமலும் போகலாம்; அங்கே எத்திலீன் ஏறுவதில்லை, தின்ன ஏசிசியும் அதிகம் இல்லை. மானாவாரி நிலத்திலும் உவர்நிலத்திலும்தான் இதைச் சோதிப்பதில் பொருள் உண்டு. அங்கேயும் பூசாத விதையை இரண்டு பாத்தியில் தனியே விதைத்து வைத்தால், வாங்கிய பொட்டலம் வேலை செய்ததா, மழை வேலை செய்ததா என்று அறுவடையில் நிறுத்துப் பார்க்கலாம்.