நிலவேம்புக்கு இன்னொரு பெயர்

சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவிக்குப் போகும் வழியெங்கும் கடைகள்தான். நேந்திரம் சிப்ஸ், மசாஜ் எண்ணெய், நடுவே மூலிகைக் கடை. நிலவேம்பு கேட்டால் ஒரு பொட்டலம் தருவார்கள். சிறியாநங்கை கேட்டாலும் பல இடங்களில் அதே செடிதான் வரும். அதைப் பற்றி உலகம் என்ன ஆராய்ந்திருக்கிறது என்று பார்க்க, தென்காசியை விட்டு நகர வேண்டியதில்லை. செல்போன் போதும். எந்தப் பெயரைச் சொல்லித் தேடுவது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் ‘பப்மெட்’ தளத்தில் மூன்றரைக் கோடிக்கும் அதிகமான ஆய்வுக் குறிப்புகள் உள்ளன. நிலவேம்பு என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் கிடைப்பது சொற்பம். ‘ஆண்ட்ரோகிராபிஸ் பானிகுலேட்டா’ என்ற தாவரவியல் பெயரைக் கொடுத்தால் ஆயிரத்தைத் தாண்டுகிறது. நம் ஊர்ச் செடியைத் தாய்லாந்திலும் சீனாவிலும் ஸ்வீடனிலும் சோதித்திருக்கிறார்கள். நோய்களின் பெயர்ச் சிக்கலுக்கு அந்த நூலகமே 1960-லிருந்து ஒரு சொற்பட்டியல் வைத்திருக்கிறது; ‘ஹார்ட் அட்டாக்’ என்று அடித்தாலும், மருத்துவர்கள் எழுதும் ‘மயோகார்டியல் இன்பார்க்‌ஷன்’ கட்டுரைகளையும் சேர்த்துக் கொண்டுவந்து தரும். தமிழ்ப் பெயருக்கு அந்த வசதி இல்லை. அதை நாம்தான் பெயர்த்துக் கொடுக்க வேண்டும்.

1836-இல் அமெரிக்க ராணுவத் தலைமை மருத்துவரின் அலுவலகத்தில் சில அலமாரிப் புத்தகங்களோடு தொடங்கிய நூலகம் அது. 1879-இல் ஜான் ஷா பில்லிங்ஸ், உலக மருத்துவக் கட்டுரைகளை மாதந்தோறும் பட்டியலிட்டு அச்சிடத் தொடங்கினார். அதன் பேரப்பிள்ளைதான் பப்மெட். 1997 முதல் எல்லோருக்கும் இலவசம்.

அதே 1830-களில் குற்றாலத்து மலையில் செடி சேகரித்துக்கொண்டிருந்தார் ஒரு மருத்துவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் வைட். தென்னிந்தியத் தாவரங்களை அவர் ஆறு தொகுதிகளில், 2,101 படங்களுடன் 1838 முதல் 1853 வரை வெளியிட்டார். அவருக்காகத் தூரிகை பிடித்தவர்கள் ரங்கய்யா, கோவிந்து என்ற நம்மவர்கள். அந்தத் தொகுதிகளை ‘பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி’ தளத்தில் காசு கொடுக்காமல் பார்க்கலாம். சித்த மருத்துவ அச்சு நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது.

இனி பூட்டு பற்றி. பப்மெட்டில் கட்டுரைச் சுருக்கம் இலவசம். முழுக் கட்டுரை பல சமயம் காசு. ‘பப்மெட் சென்ட்ரல்’ பிரிவில் உள்ளவற்றை முழுசாகப் படிக்கலாம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 இதழ்கள், 6,300 அரசு நிறுவனங்களுக்கு. நல்ல காரியம். ஆனால் தென்காசியில் சொந்தமாகக் கிளினிக் நடத்தும் டாக்டரோ, சித்த வைத்தியரோ அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். வாசிக்க நேரமில்லாத கல்லூரிகளைவிட இவர்களுக்குத்தான் அது அதிகம் உதவும் என்பது என் கட்சி.

நம் சொந்தப் பெட்டகத்தின் கதை இன்னும் வேடிக்கை. மஞ்சளுக்கு 1995-இல் கொடுத்த அமெரிக்கக் காப்புரிமையை, எதிர்த்து முறையிட்டு 1997-இல் ரத்து செய்ய வைத்தோம். அப்படிப்பட்ட அனுபவங்களால் 2001-இல் பிறந்தது பாரம்பரிய அறிவு மின்னூலகம். சித்த மருத்துவக் குறிப்புகளும் அதில் உண்டு. ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜப்பான் மொழிகளில் பெயர்த்து, காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டும் திறந்து வைத்தார்கள். மற்றவர்களுக்கும் படிப்படியாகத் திறக்க அமைச்சரவை ஒப்புக்கொண்டது 2022-இல்தான்.

நிலவேம்புக்கு ஆயிரம் ஆய்வு என்றதும் மயங்கிவிட வேண்டாம். பெரும்பாலானவை சோதனைக்குழாயிலும் எலியிலும் நடந்தவை. பப்மெட் தளத்தின் ஓரத்தில் மனிதர்களிடம் நடந்த மருத்துவச் சோதனைகளை மட்டும் வடிகட்டும் வசதி உண்டு. தட்டினால் பட்டியல் சட்டென்று இளைத்துவிடும். இன்னொன்று, டெங்கு காலத்தில் வரிசையில் நின்று குடித்தோமே, அந்த நிலவேம்புக் குடிநீரில் சரக்கு ஒன்பது: நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் எல்லாம் சேர்ந்தது. தனிச் செடியின் ஆய்வு அதற்கு அப்படியே பொருந்தாது.

வைட் தொகுதியின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்கள் கடையில் தூளாக வாங்காமல் செடியாகக் கேட்டுப் பாருங்கள். தூளில் இலை எது, தண்டு எது என்று ரங்கய்யாவே வந்தாலும் சொல்ல முடியாது.