உறைக்குள் என்ன? – 11: துவர்ப்பைத் தொலைத்த கதை

கடையில் கிடைக்கும் பால் சாக்லேட்டின் உறையைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அதை முதலில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் முதலில் நிற்பது சர்க்கரை. பல சாக்லேட்டுகளில் எடையில் பாதி அதுதான். ‘சாக்லேட் இதயத்துக்கு நல்லது’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இந்தப் பண்டத்தைப் பற்றியதே அல்ல. அது கோகோ விதையைப் பற்றியது.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ நிற்கும். பலாவைப் போல அடிமரத்திலேயே காய்க்கும். காயை உடைத்தால் வெள்ளைச் சதை, அதற்குள் விதைகள். சதை இனிக்கும். விதையைக் கடித்தவர் உடனே துப்பிவிடுவார், அவ்வளவு கசப்பு, அவ்வளவு துவர்ப்பு. அந்தத் துவர்ப்பில்தான் ஃபிளவனால்கள் இருக்கின்றன. ரத்தக் குழாய்கள் இளகி விரிய உதவுபவை இவை. தினம் 200 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால் இதற்குத் துணைசெய்கிறது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2012இல் ஏற்றுக்கொண்டது.

ஆனால் விதையை அப்படியே தின்ன முடியுமா? சில நாள் புளிக்கவைத்து, காயவைத்து, வறுக்கிறார்கள். சாக்லேட் மணம் பிறப்பது இந்த வேலைகளில்தான். ஃபிளவனால் குறையத் தொடங்குவதும் இங்கேதான். பெரிய அடி நெதர்லாந்தில் விழுந்தது. விதையின் எடையில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. அதைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு 1828இல் வான் ஹூட்டன் குடும்பம் காப்புரிமை பெற்றது. எஞ்சிய பொடியில் காரஉப்பு சேர்த்துக் கசப்பைத் தணிக்கும் வித்தையும் அவர்களுடையதே. கேக்குக்குப் போடும் கருமையான கோகோ பொடி இந்த வகைதான். நன்றாகக் காரம் ஏற்றிய பொடியில், இயல்பான பொடியில் உள்ள ஃபிளவனாலில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சினால் அதிகம். பார்வைக்குக் கறுப்பு, சத்தில் வெளுப்பு!

1875 வாக்கில் சுவிட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் பாலையும் சேர்த்தார். கோகோவின் பங்கு இன்னும் சுருங்கியது.

அப்படியானால் ‘70 சதவீத டார்க்’? நிச்சயம் மேல். 100 கிராமில் 10 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு, 200க்கு மேல் மக்னீசியம், கணிசமான நார்ச்சத்து. கூடவே 600 கலோரியும் வரும். அந்த 70இல் கோகோ கொழுப்பும் அடக்கம். ஃபிளவனால் எவ்வளவு என்று உறை சொல்லாது. கொழுப்பைக் கண்டு ரொம்பவும் மிரள வேண்டாம். அதில் மூன்றில் ஒரு பங்கான ஸ்டியரிக் அமிலம் கொலஸ்ட்ராலை அவ்வளவாக ஏற்றுவதில்லை. மிச்சத்தில் பால்மிடிக் அமிலமும் உண்டு, அது ஏற்றும்.

கோகோ ஃபிளவனால் இதயத்தைக் காக்குமா என்று அமெரிக்காவில் 21,000க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் நடந்த காஸ்மோஸ் ஆய்வின் முடிவுகள் 2022இல் வந்தன. மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பாதிப்புகளின் மொத்த எண்ணிக்கை குறிப்பிடும்படி குறையவில்லை. இதய, ரத்தக்குழாய் நோய் மரணங்கள் மட்டும் குறைந்தன. அவர்கள் தினமும் விழுங்கியது 500 மில்லிகிராம் ஃபிளவனால் அடங்கிய மாத்திரை. சாக்லேட் அல்ல. செய்தியைப் பகிர்பவர்கள் வசதியாக விட்டுவிடும் இடம் இது.

பட்டியலின் கடைசியில் ‘476’ என்று ஓர் எண் இருக்கலாம். ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்யும் கூட்டுப்பொருள் அது. பயப்படாதீர்கள், வயிற்றைக் கலக்காது. உருக்கிய சாக்லேட்டை நீர்க்க ஓடவைக்கும். அதனால் விலை அதிகமான கோகோ கொழுப்பைக் குறைத்துக்கொள்ளலாம். அந்தக் கொழுப்பை அறவே ஒதுக்கிவிட்டுச் செய்கிற ‘காம்பவுண்ட்’ சாக்லேட் அடுத்த வாரம்.