தாய் வீட்டுப் பெயரைத் தேடி...

இங்கிலாந்து, கார்ன்வாலில் உள்ள மகள் வீட்டிற்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி, பழைய சர்ச் பதிவேட்டின் நகலைப் பார்த்து, கல்யாணம், ஞானஸ்நான விவரங்களை எழுதிக் கொண்டிருந்தார்.

விசாரித்தேன். 19ம் நூற்றாண்டில், சுரங்கத் தொழில் நொடித்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என கப்பல் ஏறியவர்களின் வாரிசுகள் கேட்டால், காசு வாங்காமல் தருவார்களாம். ஊருக்கு ஒரு தொண்டர் பொறுப்பு!

அங்கே, கல்யாணமானால் பெண்ணின் குடும்பப் பெயர் வழக்கமாக மாறி விடும். பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவிலும், பெரும்பாலும் அவளது பிறந்த வீட்டுப் பெயர் இராது. கல்யாணப் பதிவில், 1837 முதல் அப்பா பெயர் மட்டும் தான்; அம்மா பெயரைச் சேர்த்ததே, 2021ல் தான்!

பழைய கல்யாணப் பதிவு கிடைத்தால், அவள் யார் வீட்டுப் பெண் என்பது தெரியும். தொலைந்த பெண்களை மீட்டுத் தரும் இவர்களுக்கு, 'சபாஷ்' போடலாம் தானே தோழியரே!

- வாசகி, மதுரை.