'சப்போர்ட்' என்று மருத்துவர் சொல்லும்போது

"சப்போர்ட்டில் வைத்திருக்கிறீர்கள் என்றால் கைவிட்டுவிட்டீர்களா?" அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வரும் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது. பிழைக்கக்கூடிய நோயாளியை இந்த ஐயத்தாலேயே வீட்டிற்கு அழைத்துச் செல்ல முற்படுவோரும் உண்டு.

'லைஃப் சப்போர்ட்' என்பது வென்டிலேட்டர் போன்ற கருவி, உறுப்பின் வேலையைத் தான் ஏற்றுக்கொள்வது. அது நோயைத் தீர்ப்பதில்லை. சிகிச்சை பலிக்க அவகாசம் தருகிறது. எனவே, "எதற்காக, எத்தனை நாள்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

'சப்போர்ட்டிவ் கேர்' என்பது சும்மா இருத்தல் அன்று. டெங்குக் கிருமியை அழிக்கவென நடைமுறையில் தனி மருந்து இல்லை. உடலின் நீரளவைக் கண்காணித்துத் திரவம் ஏற்றுவதே அங்கு முதன்மைச் சிகிச்சை. பெரும்பாலோர் அதனால் நலமடைகின்றனர்.

அச்சம் மிகுதியாக இருப்பது 'பாலியேட்டிவ் கேர்' குறித்தே. மேலாடையைக் குறிக்கும் 'பாலியம்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. வலியையும் மூச்சுத்திணறலையும் தணிப்பது அதன் பணி. புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கும்போதே இதையும் தொடங்கலாம்; தாமதிக்காமல் தொடங்குவதே நன்று என்பது எங்கள் கருத்து. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இச்சேவை வீட்டிற்கே வந்து வழங்கப்படுகிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.