தப்பாகிவிட்டதா? பிரித்துவிட்டு மறுபடி பின்னலாம்! மனதை லேசாக்கும் குரோஷே

பழைய வீடுகளில் டி.வி பெட்டியின் மேல் ஒரு வெள்ளை விரிப்பு கிடக்கும். நடுவில் பெரிய பூ, ஓரமெல்லாம் அலை அலையாக வளைவு. அம்மாவோ அத்தையோ பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் கற்றுக்கொண்டு, கல்யாணத்துக்கு முன் பின்னியதாக இருக்கும். பிறகு டி.வி சுவரில் ஏறிவிட்டது. விரிப்பு பீரோவுக்குள் போய்விட்டது.

அதே குரோஷே ஊசி இப்போது பேத்திகளின் கைக்கு வந்திருக்கிறது. வாடாத சூரியகாந்தி, கீ செயின் பொம்மை, தோள் பை, மொபைல் பவுச் என்று கல்லூரி மாணவிகள் பின்னித் தள்ளுகிறார்கள். நம் ஊரில் 'குரோஷா' என்றும் சொல்லப்படும் இந்தக் கைவேலையின் பெயருக்கு, பிரெஞ்சு மொழியில் 'சின்னக் கொக்கி' என்று அர்த்தம். தேவைப்படுவதும் அவ்வளவுதான். ஒரு கொக்கி ஊசி, ஓர் உருண்டை நூல், கொஞ்சம் பொறுமை.

மனசுக்கு என்ன லாபம்?

ஆஸ்திரேலியாவின் உல்லன்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குரோஷே பின்னும் 8,391 பேரிடம் ஆன்லைனில் கேள்விகள் கேட்டு, முடிவுகளை 2020-ல் வெளியிட்டார்கள். பின்னும்போது மனம் அமைதியாகிறது என்று கிட்டத்தட்ட 90 சதவிகிதம் பேர் சொன்னார்கள். மகிழ்ச்சி கூடுகிறது என்றவர்கள் 82 சதவிகிதம்.

ஏற்கெனவே குரோஷேயை விரும்புகிறவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்ன பதில்கள் இவை. எனவே இதை மருந்து என்று சொல்ல முடியாது. மனச்சோர்வு நீடித்தால் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். ஆனால், ஒரு நாளின் படபடப்பைக் குறைக்க இது எப்படி உதவுகிறது என்பது பின்னிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. வாய் 'பதினேழு, பதினெட்டு' என்று எண்ணுகிறது. இரண்டு கையும் வேலையாக இருப்பதால் போனைத் தள்ளிக்கொண்டே இருக்க முடியாது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், மடியில் நான்கு விரற்கடை துணி வளர்ந்திருக்கும்!

ஒரே ஒரு கண்ணி

ஸ்வெட்டர் பின்னும் நிட்டிங்கில் ஊசி நிறைய கண்ணிகள் வரிசையாக நிற்கும். ஒன்று நழுவினால் கீழே வரை பிரிந்துகொண்டே போகும். குரோஷேயில் பெரும்பாலும் ஊசியில் இருப்பது ஒரே ஒரு கண்ணிதான். குக்கர் விசில் அடித்தால், அந்தக் கண்ணியைச் சற்றுப் பெரிதாக இழுத்து வைத்துவிட்டு எழுந்து போகலாம்.

தப்பு நடந்தாலும் கவலையில்லை. ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தால் வரிசை வரிசையாகப் பிரிந்து வரும். தவறு செய்த இடம் வரை பிரித்து, அங்கிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம். கத்தரித்த துணியை ஒட்ட முடியாது, கருகிய குழம்பை மீட்க முடியாது. இங்கே போவது நேரம் மட்டும்தான். எதைச் செய்தாலும் சரியாக வர வேண்டுமே என்று பதறுகிற மனசுக்கு இதுவே பெரிய ஆறுதல்.

முதல் நாள் பாடம்

4 மி.மீ ஊசியும் நடுத்தர தடிமன் கொண்ட நூலும் வாங்குங்கள். வெளிர் நிறமாக இருக்கட்டும், கறுப்பு நூலில் கண்ணி தெரியாது. ரோமம் போல் பஞ்சுபஞ்சாக இருக்கும் நூல் ஆரம்பத்தில் வேண்டாம். பிரிப்பது சிரமம்.

* நூல் முனையில் இழுத்தால் இறுகும்படி ஒரு சுருக்கு போட்டு ஊசியில் மாட்டுங்கள். நூலைக் கொக்கியில் சுற்றி, அந்தக் கண்ணி வழியாக இழுத்தால் ஒரு செயின். இப்படியே 20 செயின் போடுங்கள். இறுக்க வேண்டாம்.

* ஊசிக்கு அடுத்து வரும் இரண்டாவது செயினுக்குள் ஊசியை நுழைத்து, நூலை மாட்டி வெளியே இழுங்கள். ஊசியில் இப்போது இரண்டு கண்ணிகள். மறுபடி நூலை மாட்டி இரண்டின் வழியாகவும் இழுத்துவிடுங்கள். இதுதான் சிங்கிள் குரோஷே.

* வரிசை முடிந்ததும் எண்ணுங்கள். 19 வர வேண்டும். ஒரு செயின் போட்டுத் திருப்பி, அடுத்த வரிசையிலும் அதே 19. சதுரம் முக்கோணமாகிறது என்றால், ஓரத்துக் கண்ணி விட்டுப்போயிருக்கிறது.

வீடியோ பார்த்துக் கற்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அமெரிக்கர்கள் 'சிங்கிள் குரோஷே' என்பதை பிரிட்டிஷார் 'டபுள் குரோஷே' என்பார்கள். எந்த முறை என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஊசியை வைத்துவிட்டு விரலையும் மணிக்கட்டையும் நீட்டி மடக்குங்கள்.

சொல்லிக்கொடுக்கும்போது...

குழந்தைகளுக்கு முதலில் ஊசி வேண்டாம். தடித்த நூலில் விரலாலேயே செயின் போடச் சொல்லுங்கள். கையில் கட்டிக்கொள்ள ஒரு பேண்ட் கிடைத்துவிட்டால், மறுநாள் அவர்களே ஊசியைக் கேட்பார்கள். வலது கைக்காரர் வலது கைக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தால் பக்கத்தில் உட்காருங்கள். இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளை என்றால் எதிரே உட்காருங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் அப்படியே பின்பற்றும். தப்பாகப் பின்னியதை வாங்கி நீங்களே சரிசெய்து கொடுக்காதீர்கள். பிரிக்கக் கற்றுக்கொடுங்கள்.

சேர்ந்து பின்னினால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர் தனித்தனியாகப் பின்னிய போர்வைகளை ஒன்றாக இணைத்து, 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் பரப்பில் உலகின் மிகப்பெரிய குரோஷே போர்வை என்ற கின்னஸ் சாதனை படைத்தார்கள். பிறகு அவை பிரிக்கப்பட்டு, தேவைப்படுகிறவர்களுக்குப் போர்வைகளாகவே போய்ச் சேர்ந்தன.

நேரத்துக்கு என்ன விலை?

நமக்குப் பொழுதுபோக்காக இருப்பது பலருக்குச் சோறு போட்ட தொழில். 1840-களின் கொடும் பஞ்சத்தில் அயர்லாந்துப் பெண்கள் கான்வென்ட்களில் குரோஷே லேஸ் கற்று, அதை விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். ஆந்திராவின் நர்சாபூரில் தலைமுறைகளாகப் பெண்கள் பின்னிவரும் லேஸுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெண்களைப் பற்றி ஜெர்மானிய ஆய்வாளர் மரியா மீஸ் 1982-ல் ஒரு புத்தகமே எழுதினார். நாள் முழுக்க உழைத்தும், 'வீட்டில் சும்மா இருக்கும்போது செய்வதுதானே' என்று சொல்லியே அவர்களுக்குக் கூலி குறைக்கப்பட்டதை அவர் பதிவு செய்தார்.

அந்தப் பேச்சு இன்னும் நிற்கவில்லை. "நூல் என்ன ஐம்பது ரூபாய் இருக்குமா? இதுக்கா ஐந்நூறு?" என்று கண்காட்சியில் கேட்கிறோம். ஸ்வெட்டர் துணியைப் பின்ன மெஷின் இருக்கிறது. குரோஷேயைப் பெரிய அளவில் அப்படியே பின்னித்தரும் மெஷின் தொழிற்சாலைகளில் இல்லை. கடையில் மலிவாகத் தொங்கும் உண்மையான குரோஷே மேலாடையையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால்தான் பின்னியிருக்கிறார். ஒரு சின்னச் சதுரத்தை நீங்களே பின்னிப் பாருங்கள், அடுத்த முறை பேரம் பேச வாய் வராது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து அந்தப் பழைய விரிப்பைத் தேடி எடுங்கள். பின்னியவர் பக்கத்தில் இருந்தால், கையில் ஊசியைக் கொடுத்து, "எப்படிப் போட்டீங்க?" என்று கேளுங்கள். பல வருடமாக ஊசி தொடாத விரல்கள் முதலில் கொஞ்சம் தடுமாறலாம். பரவாயில்லை, பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம்!